கிளட்ச் காலும் கீழ்முதுகும்

அமாவாசை அன்று காலையில் எங்கள் ஊர்க் கோயில் குளத்துப் பக்கம் வந்து நின்றீர்கள் என்றால் ஒரு வேடிக்கை பார்க்கலாம். ஜடாயுவுக்கு ராமன் ஈமக்கடன் செய்த இடம் என்று தலபுராணம் சொல்வதால், அப்பா அம்மாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க வெளியூர்க் கார்கள் வரிசையாக வந்து நிற்கும். கதவு திறக்கும். ஓட்டி வந்தவர் சட்டென்று இறங்கிவிட மாட்டார். முதலில் ஒரு கால் வெளியே வரும். பிறகு ஒரு கை கதவின் மேல்விளிம்பைப் பிடிக்கும். ‘அப்பாடா’ என்று ஒரு சத்தத்தோடு எழுந்து நின்று, இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றிப் பின்னால் வளைவார். பக்கத்து சீட்டில் வந்த எழுபது வயது அம்மாவோ புடவையை உதறிவிட்டுக் குளக்கரைக்கு நடந்துகொண்டிருப்பார்.

கேட்டால் ரோடு சரியில்லை என்பார்கள். ரோடு சரியில்லைதான். ஆறு வழியாக்குகிறோம் என்று காரைப்பேட்டையிலிருந்து வாலாஜாபேட்டை வரை வருஷக்கணக்கில் தோண்டிப்போட்ட பாதையில் குலுங்கிக் குலுங்கி வருகிறவர்களிடம் நான் வேறென்ன சொல்ல முடியும்? ஆனால் அந்த அம்மாவும் அதே ரோட்டில்தானே வந்தார்?

ஊர் தெரியாதவர்களுக்கு: காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகிற வழியில் சுமார் 12 கிலோமீட்டர் வந்து, பாலுசெட்டி சத்திரத்தில் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பினால் திருப்புட்குழி. 108 திவ்ய தேசங்களில் ஒன்று. நின்ற கோலத்திலும் கிடந்த கோலத்திலும் எத்தனையோ பெருமாள்கள் இருக்க, எங்கள் விஜயராகவன் உட்கார்ந்த கோலத்தில் இருக்கிறார். ஆகவே உட்காருவதைப் பற்றி எழுத எனக்கு ஊர் வழியில் ஓர் உரிமை உண்டென்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் ஒரே கார். நானும் ஓட்டுகிறேன், வீட்டுக்காரரும் ஓட்டுகிறார். அவர் நல்ல உயரம். நான் ஐந்தடியைத் தொட்டும் தொடாமலும் இருப்பவள். அவர் ஓட்டி நிறுத்திய காரில் நான் ஏறினால் கிளட்ச் பக்கத்து ஊர் தாமலில் இருக்கும், நான் திருப்புட்குழியில் இருப்பேன். அதனால் சீட்டைத் திருத்துவது எனக்கு அன்றாட வேலை. ஆனால் பெரும்பாலான வீடுகளில் காருக்கு ஒரே ஓட்டுநர்தான். டெலிவரி எடுத்த அன்று ஷோரூம் பையன் சீட்டை எந்த இடத்தில் விட்டானோ, அந்தக் காரை விற்கிற வரைக்கும் அது அங்கேயே இருக்கும்.

கார் வந்த புதிதில் ஒருநாள் சீட்டை முன்னால் இழுத்து, மேலே ஏற்றி, ஸ்டீயரிங்கை இறக்கிக்கொண்டிருந்தேன். மாமனார் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னம்மா பண்றே அதுல?”

“எனக்கு வாகா வச்சுக்கிறேன் மாமா.”

“அப்புறம் அவன் உட்கார்ந்தா?”

“அவரு மறுபடியும் மாத்திக்கணும்.”

கொஞ்ச நேரம் யோசித்தார். “பரவாயில்லையே. தறிக்குழின்னா ஒருதரம் வெட்டுனா வெட்டுனதுதான்” என்றார்.

மாமா பட்டு நெய்தவர். கண் பார்வை இடம் கொடுத்தவரை நெய்தார். கூடத்தில் குழித்தறி இன்னும் இருக்கிறது. நெய்கிறவர் தரையோடு ஒட்டிய பலகையில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதிபலகையை மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். மிதிக்க மிதிக்கப் பாவு மேலும் கீழுமாகப் பிரியும், நடுவில் நாடா ஓடும். குழி ஆழமாகிவிட்டால் கால் எட்டுவதற்காக ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு ஒரு பக்கம் சரியும். ஆழம் குறைந்தால் முட்டி மேலே தூக்கிக்கொண்டு முதுகு கூனும். அதனால் நெய்யப்போகிற ஆளை உட்காரவைத்துக் காலை அளந்து பார்த்துத்தான் குழி வெட்டுவார்கள் என்று மாமா சொல்வார். வேறு ஆள் உட்கார நேர்ந்தால் சாக்கை மடித்துப் போட்டுக்கொள்வார், அல்லது காலுக்குக் கீழே கட்டை வைத்துக்கொள்வார். இவ்வளவும் செய்தும் நெசவாளிகளுக்கு முதுகுவலி விட்டதில்லை என்பது தனிக் கதை. நாள் முழுக்க ஒரே இருப்பில் இருந்தால் எந்தக் குழியும் காப்பாற்றாது.

மாமா சொன்னதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். நெசவாளிக்கு அவர் காலைப் பார்த்து இருக்கை அமைந்தது. கார் சீட் அப்படியில்லை. குள்ளமான பெண்ணிலிருந்து நெட்டையான ஆண் வரைக்கும் எல்லோரும் உட்காரட்டும் என்று செய்தது. ஆளுக்குத் தகுந்தபடி ஆக்கிக்கொள்ளும் பாதி வேலையை நம் கையில் விட்டிருக்கிறார்கள். அதற்கான கைப்பிடிகளும் சீட்டுக்குக் கீழேயும் பக்கத்திலும் இருக்கின்றன. அதைத் தொடத்தான் ஆளில்லை.

தொடுகிறவர்களும் தலைகீழாகத் தொடுகிறார்கள். ஏறி உட்கார்ந்ததும் சாய்மானத்தைச் சாய்ப்பார்கள், கண்ணாடியைத் திருப்புவார்கள், பிறகு கால் எட்டவில்லை என்று சீட்டை நகர்த்துவார்கள். அதற்குள் முன்னால் செய்ததெல்லாம் கெட்டுப்போயிருக்கும். காலில் ஆரம்பித்து மேலே வர வேண்டும்.

சீட்டும் சாய்மானமும் சேர்கிற மூலை இருக்கிறதே, அங்கே பின்பக்கம் நன்றாக முட்டும்படி தள்ளி உட்காருங்கள். நம்மில் பாதிப் பேர் அங்கே நான்கு விரல் இடைவெளி விட்டு உட்கார்ந்துதான் ஓட்டுகிறோம். அந்த இடைவெளியில்தான் கீழ்முதுகு தொங்குகிறது. உட்கார்ந்த பிறகு கிளட்சை இடது காலால் அடிவரைக்கும் அழுத்துங்கள். தரையைத் தொடுகிற அளவுக்கு அழுத்திய பிறகும் முட்டி கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும். முட்டி விறைத்துக்கொண்டாலோ, அழுத்தும்போது இடுப்பு இடது பக்கம் இறங்கினாலோ சீட் தூரத்தில் இருக்கிறது. ஒரு கிளட்சுக்கு ஒருதரம் இடுப்பு சரிந்தால், காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஒரு முகூர்த்த நாள் நெரிசலைக் கடப்பதற்குள் எத்தனை தரம் சரியும்? அந்த வலிக்கு நாம் கியரையும் டிராஃபிக்கையும் திட்டுகிறோம்.

ஆட்டோமேட்டிக் கார் என்றால் பிரேக்கை வைத்து இதே சோதனையைச் செய்யுங்கள். மாடு குறுக்கே வந்தால் எப்படி மிதிப்பீர்களோ அப்படி மிதித்துப் பார்க்க வேண்டும், வண்டி நிற்கும்போது. முட்டி மடங்கியிருந்தால்தான் முழு பலத்தோடு மிதிக்க முடியும். கால் நேராக விறைத்திருக்கும்போது வண்டி எங்காவது மோதினால், அந்த அடி முட்டி வழியாக நேரே இடுப்பு எலும்புக்குப் போகும். வலது குதிகால் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். பிரேக்குக்கும் ஆக்ஸிலேட்டருக்கும் பாதம் மட்டும் திரும்பினால் போதும், காலையே தூக்கித் தூக்கி வைக்கக் கூடாது. இடது காலுக்கு வேலை இல்லாத நேரத்தில் கிளட்ச் மேலேயே அதைத் தொங்கவிடாதீர்கள். கிளட்ச் பிளேட்டும் தேயும், தொடையும் இறுகும். பல கார்களில் கிளட்சுக்கு இடப்பக்கம் காலை வைக்க ஒரு சின்ன மேடை கொடுத்திருக்கிறார்கள். அது வீண் அலங்காரம் இல்லை. நெடுஞ்சாலையில் இடது காலை அதில் ஊன்றியிருந்தால் உடம்பு சீட்டில் ஆடாமல் நிற்கும்.

அடுத்தது உயரம். சீட்டுக்கும் கதவுக்கும் நடுவில் கையை விட்டால் ஒரு நீளமான பிடி தட்டுப்படும். பம்ப் அடிப்பதுபோல மேலே இழுக்க இழுக்க சீட் ஏறும், கீழே அழுத்தினால் இறங்கும். என் தோழி ஒருத்தி பல வருஷம் ஓட்டிய காரில் அந்தப் பிடி இருப்பதே தெரியாமல் தலையணை போட்டு உட்கார்ந்திருந்தாள். தலைக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு மூடிய கை நுழைய வேண்டும். அது நுழைகிறவரை எவ்வளவு ஏற்ற முடியுமோ ஏற்றலாம் என்பது என் கட்சி. உயரமாக உட்கார்ந்தால் ரோடும் தெரியும், இடுப்பு முட்டியைவிடக் கீழே போகாமலும் இருக்கும். பல கார்களில் சீட் ஏறும்போதே கொஞ்சம் முன்னாலும் நகரும், ஆகவே ஏற்றியபின் கிளட்சை இன்னொரு தரம் மிதித்துப் பார்த்துவிடுங்கள். சீட் விளிம்புக்கும் முட்டியின் பின்பக்கத்துக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைகிற இடம் இருக்கட்டும், இல்லாவிட்டால் கால் மரத்துப்போகும்.

இப்போது சாய்மானம். ‘நிமிர்ந்து உட்கார்’ என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்ததை நம்பி, சுவரில் சாய்ந்த மாதிரி தொண்ணூறு டிகிரியில் உட்காருகிறவர்கள் ஒரு ரகம். ஈஸி சேரில் படுத்த மாதிரி சாய்ந்து, கையை நீட்டி ஸ்டீயரிங்கின் உச்சியை ஒற்றைக் கையால் பிடித்து ஓட்டும் இளவட்டங்கள் இன்னொரு ரகம். இரண்டுமே முதுகுக்கு ஆகாது. சுவீடனைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960-களில் உயிருள்ள மனிதர்களின் முதுகெலும்புத் தட்டுக்குள்ளேயே ஊசியைச் செலுத்தி அழுத்தம் எவ்வளவு என்று அளந்தார். (எப்படித்தான் ஆட்கள் சம்மதித்தார்களோ!) நிற்பதைவிடச் சாய்மானம் இல்லாமல் உட்காரும்போது அழுத்தம் கூடுவதாக அவர் கண்டார். 1970-களில் அவரும் கூட இருந்தவர்களும் கார் ஓட்டும் சீட்டிலேயே ஆளை உட்காரவைத்துப் பார்த்தார்கள். சாய்மானத்தைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, கீழ்முதுகுக்கு ஒரு முட்டும் கொடுத்தால் அழுத்தம் இறங்கியது. பின்னால் வந்த சில ஆராய்ச்சிகள் நிற்பதற்கும் உட்காருவதற்கும் அவ்வளவு பெரிய வித்தியாசம் இல்லை என்றன. என்றாலும் கொஞ்சம் சாய்வும் கீழ்முதுகுக்கு முட்டும் வேண்டும் என்ற யோசனை நிலைத்துவிட்டது. நூறிலிருந்து நூற்றுப்பத்து டிகிரி வரை என்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.

டிகிரியை யார் அளப்பது? ஒரு சுலபமான வழி உண்டு. இரண்டு தோளும் சாய்மானத்தில் ஒட்டியிருக்க, கையை நீட்டி ஸ்டீயரிங்கின் உச்சியில் வையுங்கள். மணிக்கட்டு அதன்மேல் படிய வேண்டும். விரல்தான் எட்டுகிறது என்றால் அதிகம் சாய்ந்திருக்கிறீர்கள். முழங்கைவரை தாண்டிப் போகிறது என்றால் நெருங்கி உட்கார்ந்திருக்கிறீர்கள்.

ஸ்டீயரிங்கையும் நகர்த்தலாம் என்பது பலருக்குத் தெரியாது. அதன் தண்டுக்குக் கீழே ஒரு சின்ன லீவர் இருக்கும். விடுவித்தால் மேலும் கீழும் ஆடும். சில கார்களில் முன்னும் பின்னும்கூட வரும். தொடையில் இடிக்காமலும், மீட்டரை மறைக்காமலும், ஏர்பேக் முகத்தைப் பார்க்காமல் நெஞ்சைப் பார்க்கும்படியும் வைத்துப் பூட்டுங்கள். ஓடும்போது இந்த லீவரைத் தொடவே கூடாது.

ஏர்பேக் என்றதும் ஒரு விஷயம். 2019 ஜூலை முதல் நம் நாட்டில் புதிதாக விற்கிற கார்களில் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயம். கண் இமைக்கும் நேரத்துக்குள் வெடித்து விரிகிற பை அது. விரிந்து முடிப்பதற்கு அதற்கு இடம் வேண்டும். நெஞ்செலும்புக்கும் ஸ்டீயரிங்கின் நடுப்பகுதிக்கும் குறைந்தது 25 சென்டிமீட்டர் விடச் சொல்கிறார்கள். ஒரு ஸ்கேல் நீளத்தில் கொஞ்சம் குறைவு. என்னைப் போன்ற உயரத்துக்காரர்களுக்கு இதுதான் பெரிய சிக்கல். கிளட்ச் எட்ட வேண்டுமென்று முன்னால் போனால் ஸ்டீயரிங் நெஞ்சில் வந்து நிற்கும். இதற்கு விடை: முதலில் சீட்டை ஏற்றுவது, பிறகு சாய்மானத்தை ஒரு கிளிக் பின்னால் விடுவது, ஸ்டீயரிங்கைக் கீழே சாய்ப்பது. காலும் எட்டும், நெஞ்சும் தள்ளி நிற்கும். முகவாய்க்கட்டையை ஸ்டீயரிங்மேல் வைத்த மாதிரி குனிந்து ஓட்டுகிற பெண்களைப் பார்த்தால் எனக்கு இறங்கிப் போய்ச் சொல்லிவிட்டு வரலாமா என்று இருக்கும். பயத்தால் அப்படி உட்காருகிறார்கள் என்று கேலி பேசுகிறவர்கள் உண்டு. பல நேரம் அது பயமே இல்லை, கால் எட்டாததுதான் காரணம். விபத்துச் சோதனையில் பல காலமாக ஓட்டுநர் இடத்தில் உட்கார்ந்துவரும் பொம்மை சுமார் 175 சென்டிமீட்டர் உயரமும் 78 கிலோ எடையும் உள்ள ஆண் பொம்மை. நம்மூர்ப் பெண்களில் எத்தனை பேர் அந்த உயரம்?

டிரைவிங் ஸ்கூலில் கையைக் கடிகாரத்தின் பத்து, இரண்டு இருக்கிற இடங்களில் வைக்கச் சொல்லியிருப்பார்கள். ஏர்பேக் வந்த பிறகு ஒன்பது, மூன்று இருக்கிற இடங்களே பாதுகாப்பு என்று மாறிவிட்டது. பை விரிகிற பாதையில் கை குறுக்கே இருக்காது, தோளும் இறுகாது.

தலைச்சாய்வு. அது தூங்குவதற்கு என்று நினைத்துக் கடைசிவரை கீழே இறக்கியே வைத்திருக்கிறோம். பின்னால் இன்னொரு வண்டி மோதும்போது கழுத்து பின்னால் மடங்காமல் தடுப்பதற்காகத்தான் அதை வைத்திருக்கிறார்கள். அதன் மேல்விளிம்பு உங்கள் உச்சந்தலை மட்டத்துக்கு வர வேண்டும், பின்தலைக்கு எவ்வளவு நெருங்குமோ அவ்வளவு நல்லது. கொண்டை போடுகிற பெண்கள் இதை எப்படிச் சமாளிப்பது என்று எந்த உற்பத்தியாளரும் யோசித்த மாதிரி தெரியவில்லை. நான் ஓட்டும்போது பின்னலாகத் தொங்கவிட்டுக்கொள்வேன்.

சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டை தொப்பையின் மேலே இருக்கக் கூடாது, இடுப்பெலும்பில் இறங்கிப் படிய வேண்டும். மேல்பட்டை கழுத்தை அறுக்காமல் தோளின் நடுவில் போக வேண்டும். கதவை ஒட்டிய தூணில் அதை ஏற்றி இறக்க ஒரு பட்டன் பல கார்களில் உண்டு. பக்கத்து சீட்டில் படுத்துத் தூங்கிக்கொண்டு வருகிறவர்களுக்கும் இது பொருந்தும். மோதலில் அவர்கள் பெல்ட்டுக்கு அடியில் வழுக்கிப்போய், பட்டை வயிற்றை அழுத்தும்.

எல்லாம் முடிந்து கண்ணாடிகளைக் கடைசியில் திருப்புங்கள். இதில் ஓர் அருமையான உபாயம் இருக்கிறது. புறப்படும்போது நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்தபடி உள்கண்ணாடியை வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பின்கண்ணாடி முழுதாகத் தெரியவில்லை, திருப்ப வேண்டும்போல இருக்கிறது என்றால், கண்ணாடியில் கையை வைக்காதீர்கள். சரிந்திருப்பது நீங்கள்தான். நிமிர்ந்தால் கண்ணாடி தானே சரியாகும்.

இவ்வளவு வசதி எப்போதும் இருந்ததில்லை. பழைய அம்பாசடரில் முன்பக்கம் ஒரே நீள பெஞ்சு சீட். ஓட்டுகிறவர் சீட்டை முன்னால் இழுத்தால் பக்கத்தில் இருப்பவரும் சேர்ந்து வருவார். கியர் ஸ்டீயரிங் தண்டில் இருக்கும். பழைய டாக்சி டிரைவர்கள் அதில் நேராக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வலது முழங்கையை ஜன்னலில் ஊன்றி, உடம்பை ஒரு சாய்வாக வைத்து, பாதி ரோட்டையும் பாதி பக்கத்து ஆளையும் பார்த்துக்கொண்டே ஓட்டுவார்கள். அந்தச் சாய்வு நம் ஊரில் பரம்பரையாக இறங்கிவிட்டது. ஏசி காரில்கூட ஜன்னலை இறக்கி முழங்கையை வெளியே போடுகிறவர்கள் இருக்கிறார்கள். முதுகெலும்பு பிழிந்த துணி மாதிரி முறுக்கிக்கொள்ளும்.

1984-இல் வந்து 2019 வரை ஓடிய மாருதி ஆம்னியில் இஞ்சினே முன்சீட்டுக்கு அடியில். கோடையில் வாலாஜா போய்வந்தால் சீட்டே அடுப்பு. ஆனால் ஒன்று, நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி நிமிர்ந்து உட்காரலாம், ரோடு கண்ணுக்கு முன்னால் விரிந்து கிடக்கும். முட்டிக்கு முன்னால் ஒரு தகடுதான் இருக்கிறது என்பதை மட்டும் மறந்துவிட வேண்டும்.

நம் பக்கத்துக்கு நிஜமான மாற்றம் 1998-இல் வந்தது. எங்களுக்குப் பக்கத்திலேயே, இதே நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையிலிருந்து சான்ட்ரோ வந்தது. கூரை தூக்கிய அந்த உருவத்தைப் பார்த்து முதலில் பலர் சிரித்தார்கள். உட்கார்ந்து பார்த்தபோது சிரிப்பு நின்றது. பழைய சின்ன கார்களில் பள்ளத்தில் இறங்குவதுபோல இறங்க வேண்டும், எழும்போது யாராவது கையைக் கொடுக்க வேண்டும். இதில் வேட்டி கட்டிய தாத்தா திரும்பி உட்கார்ந்து காலை உள்ளே எடுத்தால் போதும். எங்கள் மாமாவுக்கு இன்றைக்கும் நல்ல கார் என்றால் அதுதான்.

அலெக் இசிகோனிஸ் என்று ஒரு மேதை. 1959-இல் மினி காரை வடிவமைத்தவர். ஓட்டுநர் ரொம்ப சொகுசாக உட்கார்ந்தால் கவனம் போய்விடும், கொஞ்சம் அசௌகரியம் இருந்தால்தான் விழிப்பாக இருப்பார் என்பது அவருடைய கொள்கை. மேதைகளுக்கும் முதுகு மரத்திருக்கலாம். வலிக்கிற முதுகு யாரையும் விழிப்பாக வைப்பதில்லை. வலிக்கிற ஆளின் கவனம் ரோட்டில் இல்லை, எங்கே நிறுத்தலாம் என்பதில் இருக்கும்.

இனி நாமாகச் சேர்த்துக்கொள்ளும் உபத்திரவங்கள். புதுக் காரின் சீட்மேல் இருக்கும் பாலித்தீன் உறையை மாதக்கணக்கில் கழற்றாமல் வைத்திருப்பது நம் தேசிய வழக்கம். எங்கள் கோயில் வாசலில் எலுமிச்சம்பழத்தின்மேல் ஏறி இறங்குகிற புதுக் கார்களில் பாதி அந்த உறையோடுதான் போகின்றன. அதன்மேல் உட்கார்ந்தால் பிரேக் போடுகிற ஒவ்வொரு தரமும் அங்குலம் அங்குலமாக முன்னால் வழுக்குவீர்கள். அப்புறம் அந்த மூலையில் முட்டி உட்கார்ந்து என்ன பயன்? மரமணி விரிப்பு வியர்வைக்கு நல்லது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதுவும் கொஞ்சம் வழுக்கும். நான்காக மடித்த பருத்தித் துண்டு எவ்வளவோ மேல். கீழ்முதுகுக்கு முட்டு இல்லாத கார் என்றால் அதே துண்டைச் சுருட்டி பெல்ட் மட்டத்தில் வைத்துப் பாருங்கள். கடையில் விற்கும் பஞ்சுத் தலையணைகள் பெரும்பாலும் தடிமன் அதிகம், ஆளையே முன்னால் தள்ளிவிடும். சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருக்கிற கார்களில் இறுக்கமான ரெக்சின் உறை போட்டால் அந்தப் பை சரியாக விரியாமல் போகலாம். உறை போடும் கடைக்காரருக்கு இது தெரிந்திருக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

பின்பாக்கெட்டில் பர்ஸ். 1978-லேயே அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். கார்டுகளால் தடித்த பர்ஸின்மேல் உட்கார்ந்து உட்கார்ந்து சயாட்டிக் நரம்பு அழுந்தி, காலில் வலி இறங்கியது. நம்மூரில் கார்டுக்குப் பதில் பழைய ரசீதும் சாமி படமும். ஏறும்போதே எடுத்து முன்னால் வையுங்கள்.

செருப்பு விஷயத்தில் எனக்கும் வீட்டுக்காரருக்கும் தீராத வழக்கு. அவர் வெறுங்காலோடு ஓட்டுவார், பழைய லாரி டிரைவர்கள் மாதிரி. பெடல் நன்றாகத் தெரியும் என்கிறார். தெரியும்தான். ஆனால் கழற்றிய செருப்பை எங்கே போடுகிறார் என்று பாருங்கள்: சீட்டுக்கு முன்னால், காலுக்குப் பக்கத்தில். அது உருண்டு பிரேக்குக்கு அடியில் போனால்? வெறுங்கால் உங்கள் இஷ்டம், செருப்பு பின்சீட்டுப் பக்கம் போகட்டும். குதிகாலில் வார் இல்லாத செருப்போடு மட்டும் ஓட்டாதீர்கள். புடவை கட்டி ஓட்டுகிறவர்கள் கொசுவத்தைக் கணுக்கால் தெரிகிற அளவுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, முந்தானையை பெல்ட்டுக்கு உள்ளே விட்டுவிட்டால் எந்தத் தொந்தரவும் இல்லை. கல்யாணத்துக்குப் பட்டுப் புடவையில் நானே ஓட்டிக்கொண்டு போயிருக்கிறேன். பட்டு வழுக்கும் என்பதுதான் ஒரே சிரமம். நெய்தவரையே பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அதைக் குறை சொல்ல முடியவில்லை.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் நிறுத்தி இறங்கி நடக்கச் சொல்வார்கள். சரியான யோசனை, நெடுந்தூரம் போகிறவர்களுக்கு. ஆனால் சென்னையிலிருந்து எங்கள் ஊருக்குக் காலை நேரத்தில் அவ்வளவு நேரமே ஆகாது. அதற்குள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறீர்கள் என்றால் குறை தூரத்தில் இல்லை, நீங்கள் உட்கார்ந்த விதத்தில்தான் இருக்கிறது. சீட்டையெல்லாம் சரிசெய்த பிறகும் வலி தொடையைத் தாண்டி இறங்கினாலோ, பாதம் மரத்தாலோ, சீட்டோடு மல்லுக்கட்டாதீர்கள். டாக்டரிடம் போங்கள்.

சில சின்ன கார்களில் நீங்கள் என்ன செய்தாலும் சரிவராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாம் வலது பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறோம். வலது முன்சக்கரத்தின் வளைவு கால் வைக்கும் இடத்துக்குள் துருத்திக்கொண்டு வருவதால், பெடல்களை இடப்பக்கம் தள்ளிப் பொருத்தியிருப்பார்கள். முகம் நேராக, கால் இடதாக, இடுப்பு நடுவில் முறுக்கிக்கொண்டு இருக்கும். எந்த லீவரும் அதைத் திருத்தாது. வாங்குவதற்கு முன்பே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய குறை அது.

கார் வாங்கப் போகிறவர்கள் கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான். சீட் உயரத்தை ஏற்றும் வசதி சில கார்களின் அடிமட்ட மாடலில் இருக்காது, முன்னும் பின்னும் நகரும் ஸ்டீயரிங் பெரும்பாலும் மேல் மாடலில்தான் வரும். இவற்றை விட்டுவிட்டு சன்ரூஃப் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். காஞ்சிபுரத்து வெயிலுக்கு சன்ரூஃப்! அந்தக் காசை இந்த இரண்டுக்கும் கொடுங்கள். டெஸ்ட் டிரைவ் என்று ஷோரூமைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். அரை மணி நேரமாவது உட்கார்ந்து ஓட்டுங்கள். வீட்டில் யார் யார் ஓட்டப்போகிறார்களோ எல்லோரையும் கூட்டிக்கொண்டு போங்கள், இருப்பவர்களிலேயே குள்ளமானவரை முதலில் உட்காரவையுங்கள். அவருக்குக் கிளட்ச் எட்டி, நெஞ்சுக்கு முன்னால் ஒரு சாண் இடத்துக்கு மேல் மிஞ்சினால், கலரைப் பற்றிப் பேசலாம்.